குதிரையைப் பறக்கவிட்ட நரம்பக்கா

எங்கள் பொம்மைக் கம்பெனியில் நரம்பக்காவை அவளுடைய சொந்தப் பெயரால் கூப்பிட்டவர் சம்பளம் போடும் கணக்காளர் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் அவள் நரம்பக்கா. ஆள் ஒல்லி, கழுத்தில் பச்சை நரம்பு ஒன்று எப்போதும் தெரியும், யாராவது குறுக்கே பேசினால் அது புடைக்கும் என்பது ஒரு காரணம். இடது மணிக்கட்டில் வளையல் போடுகிற இடத்தில் ஒரு சுருள் தூண்டில் நரம்பை, அந்த மெல்லிய நைலான் இழையை, சுற்றி வைத்திருப்பாள் என்பது இன்னொன்று. மீனே பிடிக்காமல் அவ்வளவு தூண்டில் நரம்பு வாங்கிய ஆள் அந்த வட்டாரத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. கடைக்காரர் ஒருநாள் வாய் பொறுக்காமல், உங்கள் வீட்டுக்காரர் பெரிய மீன்பிடிக்காரரோ என்று விசாரித்தாராம். இல்லை, நாங்கள் குதிரை பிடிக்கிறோம் என்று சொல்லிவிட்டு மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவள் வேலை பொம்மைகளைப் படம் எடுப்பது. பெட்டியின் மேல் அச்சடிக்கிற படம், இணையக் கடையில் போடுகிற படம், எல்லாம் அவள் கைவேலை. நான் அதே கம்பெனியில் புகார் ஃபோனை எடுப்பவள். அவள் படம் எடுத்து அனுப்புவாள். அதை நம்பி வாங்கியவர்கள் என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். இப்படித்தான் எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டது.

அதற்கு முன்னால் அவள் ஒரு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மனிதர்களை எடுத்து எடுத்து அவளுக்கு மனிதர்கள் மேலேயே சலிப்பு வந்துவிட்டது. தாடையை இறக்கச் சொன்னால் கண்ணை இறக்குவார்கள். சிரிக்க வேண்டாம் என்றால் வீட்டில் துக்கம் நடந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். படத்தைக் கையில் கொடுத்ததும், இது நானே இல்லை என்று அவளிடம் சண்டைக்கு வருவார்கள். பொம்மைகளிடம் இந்தத் தொல்லை இருக்காது என்று நம்பி எங்கள் கம்பெனியில் சேர்ந்தாள். பொம்மைகளுக்குப் பின்னால் மாப்பிள்ளை என்று ஒருவர் இருப்பார் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

மாப்பிள்ளை என்றால் முதலாளியின் மகளைக் கட்டியவர். அறைக் கதவில் விற்பனை மேலாளர் என்று பித்தளைப் பலகை தொங்கினாலும் அவருடைய உத்தியோகம் மாப்பிள்ளையாக இருப்பதுதான். முதலாளியால் அவரை ஒரு வார்த்தை கடிந்து பேச முடியாது. பேசினால் அன்றைக்குச் சாயங்காலமே மகள் ஃபோனில் அழுவாள். அதற்காகக் கோபத்தை விழுங்கிவிடுகிற ஆளும் இல்லை முதலாளி. மாப்பிள்ளை எதையாவது கெடுத்து வைத்தால், அந்த நேரத்தில் பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்கள் தலையில் இடி இறங்கும். கூட்டங்களில் மாப்பிள்ளைக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகக் கிடப்பதைப் பார்த்து வெளியாட்கள் அதை மரியாதை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த மாப்பிள்ளை ஒரு வெளிநாட்டுச் சந்தைக்குப் போன இடத்தில் ஒரு குதிரையைப் பார்த்து மயங்கி, கன்டெய்னர் நிறைய வாங்கி வந்துவிட்டார். வெள்ளைக் குதிரை, இரண்டு பக்கமும் ஊதா இறக்கை. வயிற்றுக்குக் கீழே இருக்கிற பொத்தானை அழுத்தினால் இறக்கையை அடித்துக்கொள்ளும், ஒரு பாட்டைப் பாதி பாடும், தலையை ஆட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் நடக்கும், பிறகு எதையோ வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரி அப்படியே நிற்கும். கடைசியில் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொள்ளும். கடைக்காரர்கள் யாரும் அதைச் சீண்டவில்லை. கிடங்கில் குதிரைப் பெட்டிகள் கூரை வரைக்கும் ஏறி நின்றன. பெண்கள் கழிவறைக்குப் போகிற வழியையே அவை அடைத்துவிட்டதால், பேக்கிங் பிரிவு மொத்தமும் அந்தக் குதிரையை நாள்தோறும் வயிறெரியச் சபித்தது.

சரக்கு ஏன் நகரவில்லை என்று மாப்பிள்ளை யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். குற்றம் குதிரையிடம் இல்லை, பெட்டியில் இருக்கிற படத்தில் இருக்கிறது. பெட்டியை எடுத்துக்கொண்டு நரம்பக்காவின் அறைக்குப் போனார்.

"இறக்கை இருக்கு, ஆனா சும்மா நிக்குது. பாக்கறவங்களுக்கு என்ன தோணும் மேடம்? உடம்பு சரியில்லாத குதிரை மாதிரி இருக்கு. பறக்க விடுங்க."

"இது பறக்காது சார்."

"நான் குதிரையைச் சொல்லல. படத்தைச் சொல்றேன்."

பொய் என்கிற எண்ணம் அந்த நிமிஷத்தில் தன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று அவள் பிற்பாடு என்னிடம் சொன்னாள். எப்படிச் செய்வது என்பதிலேயே புத்தி போய்விட்டதாம். மேசைக்கு மேலே ஒரு குறுக்குக் கம்பியைக் கட்டி, அதிலிருந்து குதிரையை நரம்பில் தொங்கவிட்டாள். ஒரு நரம்பில் கட்டினால் குதிரை ராட்டினம் மாதிரி சுற்றியது. கழுத்துக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, வால் முளைக்கிற இடத்துக்கு ஒன்று என்று மூன்று போட்ட பிறகுதான் அடங்கியது. பின்னால் வானம் அச்சடித்த பெரிய தாள். கீழே பஞ்சைப் பிய்த்துப் போட்டு மேகம். பிடரி மயிர் காற்றில் அலைய வேண்டும் என்று வீட்டிலிருந்து ஹேர் டிரையரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

கேமராவை முக்காலியில் இறுக்கி, முக்காலியின் கால்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டிவிட்டாள். முதலில் குதிரையோடு ஒரு படம். பிறகு குதிரையையும் நரம்பையும் கழற்றிவிட்டு, கேமரா இம்மியும் அசையாமல் வெறும் வானத்தை ஒரு படம். கம்ப்யூட்டரில் முதல் படத்துக்கு அடியில் இரண்டாவதை வைத்து, நரம்பு தெரிகிற இடத்தை மட்டும் அழித்தால் அடியிலிருக்கிற வானம் அந்த இடத்தில் வந்துவிடும். குதிரை எதையும் பிடித்துக்கொள்ளாமல் அந்தரத்தில் நிற்கும். கேட்பதற்குச் சுலபம். அடுத்த தெருவில் லாரி போனாலே கேமரா நடுங்கியது. யாராவது கதவைத் திறந்தால் குதிரை முகத்தைத் திருப்பிக்கொண்டது. "உள்ளே குதிரை பறக்கிறது, தட்டாதீர்கள்" என்று எழுதிக் கதவில் ஒட்டினாள். அதைப் படித்துவிட்டு எட்டிப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம்.

படம் வந்தபோது நானும் போய்ப் பார்த்தேன். கழிவறை வழியில் அடைத்துக்கொண்டு கிடந்த சனியன் இதுதான் என்று சத்தியம் பண்ணினாலும் நம்பியிருக்க மாட்டேன். மேகத்துக்கு மேலே ஒரு ராஜகுமாரன் போலப் போய்க்கொண்டிருந்தது. புதுப் பெட்டி போட்டார்கள். கடைக்காரர்கள் தாங்களாகவே கூப்பிட்டுக் கேட்டார்கள். கிடங்கு காலியானது, எங்களுக்கும் வழி பிறந்தது.

அன்றிலிருந்து தரையில் நிற்கிற எதைக் கண்டாலும் மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. கார் பறந்தது. பஸ் பறந்தது. பால் கறக்கிற பசு மடியோடு பறந்தது. டீ கோப்பை செட் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் பறந்தது. நரம்பு தாங்காத கனமான சாமான்களுக்கு நரம்பக்கா வேறு வழி கண்டுபிடித்தாள். பெரிய கண்ணாடிப் பலகை ஒன்றை இரண்டு மேசைகளுக்கு நடுவே பாலம் மாதிரி போட்டு, பொம்மையை அதன்மேல் படுக்கவைத்து, வானத்தாளைக் கீழே தரையில் விரித்துவிடுவாள். ஏணியில் ஏறி மேலேயிருந்து எடுத்தால் கண்ணாடி தெரியாது. பொம்மைக்குப் பின்னால் வானம்தான் தெரியும். ஆமையைப் பறக்கவிடச் சொன்னபோது மட்டும், ஆமைக்கு இறக்கை இல்லையே சார் என்று சொல்லிப் பார்த்தாள். பஸ்ஸுக்கு இருந்ததா என்று மாப்பிள்ளை கேட்டார். ஆமையும் பறந்தது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நரம்பக்காவை வாயில்லாப் பூச்சி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மாப்பிள்ளைக்குச் சரக்கு விற்கிற சந்தோஷம் என்றால் இவளுக்கு அதைவிடப் பெரிய தலைக்கனம். கம்பெனி குதிரை என்று நாங்கள் சொன்னால், "என் குதிரை" என்று திருத்துவாள். சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் ஃபோனைத் திறந்து ஆமையைக் காட்டுவாள். வாலின் நிழலைக் கவனித்தாயா என்பாள். கவனிக்கவில்லை என்றால் கவனிக்கும்வரை சாப்பிட விடமாட்டாள். ஒருநாள் நான் பொறுக்காமல், ஊரை ஏமாற்றுகிற வேலைக்கு இவ்வளவு பெருமையா என்று கேட்டுவிட்டேன்.

"பறக்கும்னு எங்கயாவது எழுதியிருக்கா? காத்துல இருக்கு, அவ்வளவுதான். பாக்கறவங்க பறக்குதுன்னு நெனச்சுக்கிட்டா அது அவங்க கற்பனை" என்றாள். கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. நான் என் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டேன்.

அவள் கணவரிடம் மட்டும் இந்தப் பெருமை செல்லவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் இரும்புக் கயிறு தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தே விரல்களெல்லாம் கறுத்துப்போனவர். அவள் ஒவ்வொரு புதுப் பெட்டியையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைப்பாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "நானும் கயித்துலதான் தூக்கறேன். நான் கயித்தை அழிச்சா ஆளு போயிரும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விடுவார்.

அவருடைய தங்கை, அதாவது நரம்பக்காவின் நாத்தனார், அதற்கு நேர் எதிர். எங்கள் அண்ணி எடுத்த படம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். தன் மகளுடைய பிறந்தநாளுக்கு அந்தக் குதிரையைத்தான் வாங்கினாள். அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கம்பெனியிலிருந்தே வந்திருக்கும். ஆனால் கடையில் போய், பத்துப் பேர் காதில் விழ, இந்தப் படம் எங்கள் அண்ணி எடுத்தது என்று சொல்லி வாங்குகிற சுகம் அதில் கிடைக்காதே. அண்ணிக்கும் சொல்லாமல் வைத்திருந்து, கேக் வெட்டியவுடன் பெட்டியைக் கொண்டுவந்து நடு ஹாலில் வைத்தாள்.

நரம்பக்கா கேக் தட்டோடு சுவரோரம் நின்றிருந்தாள். ஹாலில் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார், அவர்களுடைய பிள்ளைகள் என்று கூட்டம். நாத்தனாரின் கணவர் எதையும் முறையாகச் செய்கிறவர். குதிரை அடிபட்டுவிடக் கூடாது என்று முதலில் ஃபேனை நிறுத்தினார். வெளியே பறந்து போய்விடக் கூடாது என்று ஜன்னல்களைச் சாத்தினார். பிள்ளைகளைப் பின்னுக்குத் தள்ளி நிற்கச் சொன்னார். வியர்த்துக்கொண்டே எல்லோரும் அண்ணாந்து பார்க்கத் தயாரானார்கள். அந்த நேரத்தில்கூட நரம்பக்கா வாயைத் திறந்திருக்கலாம். அவள் கணவர் எதிர்ச் சுவரோரம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறந்தநாள்காரி பொத்தானை அழுத்தினாள். குதிரை இறக்கையை அடித்தது, பாதிப் பாட்டைப் பாடியது, தலையை ஆட்டிக்கொண்டே நடந்தது, நின்றது, சாய்ந்தது.

யாரோ கை தட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். பேட்டரி சரியாக உட்காரவில்லை போலிருக்கிறது என்று நாத்தனாரின் கணவர் கழற்றி மாட்டினார். குதிரை திரும்பவும் நடந்து, நின்று, சாய்ந்தது. முதலில் கொஞ்சம் தூக்கிவிட வேண்டும் போல என்று ஆராய்ச்சி செய்து, தலைக்கு மேலே உயர்த்தி விட்டுப் பார்த்தார். இறக்கை ஒன்று வளைந்ததுதான் மிச்சம். குழந்தை குதிரையைத் தூக்கிக்கொண்டு நேரே நரம்பக்காவிடம் வந்தது.

"அத்தை, இது எப்பப் பறக்கும்?"

ஹால் முழுக்க அவள் பக்கம் திரும்பியது.

"படத்துல பறக்கும், கண்ணு."

"அப்ப படம் எடுங்க."

வேறு வழி தெரியாமல் அவள் மணிக்கட்டிலிருந்து நரம்பைப் பிரித்தாள். திரைச்சீலைக் கம்பியில் குதிரையைக் கட்டினாள். பின்னால் நீல நிறப் படுக்கை விரிப்பு. ஃபோனைக் கேக் பெட்டியின்மேல் சாய்த்துவைத்து இரண்டு படம் எடுத்து, அங்கேயே உட்கார்ந்து விரலால் நரம்பை அழித்தாள். குழந்தை அவள் மடியில் ஏறிக்கொண்டு ஒன்றுவிடாமல் பார்த்தது. பறக்கிற குதிரையைக் காட்டியபோது, கயிறு எங்கே போனது என்றுதான் கேட்டது. நரம்பு இருக்கிற படத்தையும் இல்லாத படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினாள். குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு மிச்ச நரம்பை வாங்கிக்கொண்டு போய், டம்ளர், செருப்பு, கேக் வெட்டிய கத்தி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் கட்டித் தொங்கவிட ஆரம்பித்தது. கத்தியை மட்டும் யாரோ பிடுங்கினார்கள்.

அதற்குள் பெரியவர்கள் வரிசையில் வந்துவிட்டார்கள். சற்று முன்னால் ஏமாந்து நின்ற அதே ஆட்கள். நாத்தனாரின் கணவர் சோஃபாவின்மேல் ஏறி நின்று, "என்னையும் ஒண்ணு பறக்க விடும்மா தங்கச்சி" என்றார். குதிக்கச் சொல்லி, குதித்த கணத்தில் எடுத்தாள். தொப்பை சரியாக வரவில்லை என்று இன்னொரு தடவை குதித்தார். அடுத்த வீட்டு மாமி, அவர் மகன், மருமகள் என்று ஆளாளுக்குக் குதித்ததில் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிச் சத்தம் போட்டார். அவரையும் ஒன்று எடுத்து அனுப்பினார்கள்.

வரிசையில் வராதவள் நாத்தனார் ஒருத்திதான். தட்டுகளைக் கழுவ நரம்பக்கா சமையலறைக்குப் போனபோது அவள் முதுகைக் காட்டியபடியே பேசினாள்.

"கடையில எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி வாங்கினேன் அண்ணி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

நரம்பக்கா தட்டுகளைக் கழுவத் தொடங்கினாள். வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் கணவர் வாயே திறக்கவில்லை. ஏதாவது குத்தலாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்ததாம் அவளுக்கு.

இந்தக் காயம் ஆறுவதற்குள் அடுத்தது வந்தது. வேறு ஒரு குடியிருப்பில், சின்னப் பையன் ஒருவன் குதிரையை மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து விட்டுவிட்டான். இறக்கையை அடித்துக்கொண்டு, பாட்டையும் விடாமல் பாடிக்கொண்டு அது கீழே வந்து, நிறுத்தியிருந்த காரின் முன்கண்ணாடியில் இறங்கியது. நல்லவேளையாக யார் மேலும் விழவில்லை. கெட்டவேளையாக அது குடியிருப்போர் சங்கத் தலைவரின் கார். பையனின் அப்பா என்னைத்தான் கூப்பிட்டார். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தபடி, பறக்கும் என்று பெட்டியில் எங்கேயும் எழுதவில்லை சார் என்று சொன்னேன்.

"என் பையனுக்கு இன்னும் படிக்கத் தெரியாதும்மா. படம் பாக்கத்தான் தெரியும்" என்றார் அவர்.



விஷயம் பத்திரிகை வரைக்கும் போனது. முதலாளி எல்லோரையும் தன் அறைக்கு அழைத்தார். யார் மேல் கோபம் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்து கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். போட்டோ பிரிவில் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டார்கள் மாமா என்று வருத்தத்தோடு தெரிவித்தார். அன்றைக்கு அவருக்குப் பக்கத்தில் நின்றது நரம்பக்கா.

"ஏம்மா, குதிரை பறக்காதுன்னு உனக்குத் தெரியாது?" என்று முதலாளி இரைந்தார்.

"தெரியும் சார். அதனாலதான் நரம்பு கட்டினேன்."

முதலாளி டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். அடுத்த வாரம் நரம்பக்கா என் அறைக்கு மாற்றப்பட்டாள். எனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, ஒரு ஃபோன்.

ஆரம்பத்தில் அவளோடு பெரிய ரோதனை. திட்டுவதற்காகக் கூப்பிடுகிறவர்களிடம், எந்தப் பெட்டி, எந்தப் படம் என்று விசாரித்து, அந்தப் படத்தில் ஒளி எவ்வளவு நன்றாக விழுந்திருக்கிறது என்று விளக்க ஆரம்பித்துவிடுவாள். திட்ட வந்தவர்கள் குழம்பி ஃபோனை வைத்துவிடுவார்கள். அது ஒரு வகையில் வசதியாகத்தான் இருந்தது. பிறகு அவளை ஒரு அம்மா கூப்பிட்டாள். ஆமை வாங்கியிருக்கிறாள். பணமெல்லாம் திருப்பித் தர வேண்டாம் என்றாள். ஆமை களைத்துப்போய்த் தூங்குகிறது, எழுந்ததும் பறக்கும் என்று அவள் குழந்தை நம்பிக்கொண்டு, வீட்டில் யாரையும் சத்தமாகப் பேச விடுவதில்லையாம். இதற்கு நான் என்ன சொல்லட்டும், நீங்களே சொல்லுங்கள் என்றாள்.

நரம்பக்கா இந்தத் தடவை ஒளியைப் பற்றிப் பேசவில்லை. வீட்டில் மெல்லிய நைலான் கயிறு இருக்கிறதா என்று கேட்டாள். எந்த மூன்று இடத்தில் கட்ட வேண்டும், முடிச்சு நழுவாமல் எப்படிப் போட வேண்டும், கேமராவை எங்கே வைக்க வேண்டும் என்று நிதானமாகச் சொல்லிக் கொடுத்தாள். குழந்தையையே கட்டச் சொல்லுங்கள் என்றாள். அதிலிருந்து கூப்பிடுகிற எல்லோருக்கும் இதே பாடம்தான். நம் வேலை மன்னிப்புக் கேட்பது, முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுப்பது இல்லை என்று நான் முணுமுணுத்தேன். அவள் என்னைச் சட்டை செய்யவில்லை.

இதற்கிடையில் மாப்பிள்ளைக்கு விடிவு பிறந்துவிட்டது. கேமரா வேண்டாம், நரம்பு வேண்டாம், முகம் சுளிக்கிற ஆளும் வேண்டாம். என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் கம்ப்யூட்டரே படம் போட்டுவிடுகிறது என்று கண்டுபிடித்தார். குதிரை சூரியனை நோக்கிப் பாய்கிற மாதிரி ஒரு படம் வந்தது. பத்திரிகைக்காரர்களுக்குப் பயந்து, "கற்பனைப் படம்" என்று எறும்பு அளவு எழுத்தில் ஓர் ஓரத்தில் போட்டார்கள். மாப்பிள்ளை பார்த்துச் சரி என்றார். முதலாளி பார்த்துச் சரி என்றார். அச்சகம் அடித்தது, லாரி ஏற்றிக்கொண்டு போனது.

கொஞ்ச நாளில் ஒருவர் கூப்பிட்டு, எங்கள் குதிரைக்கு ஒரு கால் குறைகிறது என்றார். உடைந்துவிட்டதா சார் என்றேன். உடையவில்லை, வரும்போதே இல்லை என்றார். நாலு கால் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஐந்தாவதுதான் இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். ஏதோ குறும்பு என்று வைத்துவிட்டேன். அடுத்து ஒரு அம்மா, அதற்கடுத்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார், எல்லோருக்கும் ஒரு கால் குறைந்தது. நரம்பக்கா எழுந்து போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். படத்திலிருந்த குதிரையின் கால்களை ஆளுக்கொரு தடவை எண்ணினோம். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு.

அவள் சிரித்த சிரிப்பில் ஃபோன் மேசையிலிருந்து கீழே விழுந்தது. அந்த வாரம் முழுக்க அவளோடு ஓர் அறையில் உட்கார முடியவில்லை. புகார் வரும்போதெல்லாம் ஐந்தாவது காலுக்காக அவ்வளவு பணிவாக வருத்தம் தெரிவித்தாள்.

மாப்பிள்ளை கலங்கவில்லை. கேட்கிறவர்களுக்குத் தனியாக ஒரு கால் அனுப்பிவிடலாம், செலவு அதிகம் ஆகாது என்று யோசனை சொன்னார். தொழிற்சாலையைக் கூப்பிட்டு விசாரித்தும்விட்டார். "மாப்பிள்ளை..." என்று முதலாளி ஆரம்பித்தார். இன்றைக்கு நடந்துவிடும் என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அவர் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், திரும்பி என்னைத் திட்டினார்.

மறுநாள் அவரே எங்கள் அறைக்கு வந்தார். உட்கார இடம் இல்லாததால் குதிரைப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தார்.

"பழைய மாதிரி நீயே எடுத்துக் குடுத்துரும்மா."

"எடுக்கறேன் சார். பெட்டியோட பின்பக்கம் எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"எப்படிப் பறக்குதுன்னு அங்க காட்டணும். நரம்பு தெரியற படம். உள்ள ஒரு சுருள் நரம்பும் போடணும்."

"அப்புறம் எவன் வாங்குவான்?"

"வாங்கறவன் வாங்கட்டும். வாங்கினவன் இவளுக்கு ஃபோன் பண்ண மாட்டான்" என்று என்னைக் காட்டினாள்.

முதலாளி பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் எப்படியும் காலியாகத்தான் கிடந்தது. நரம்பும் மலிவு. சரி என்றார். நியாயம் அநியாயம் பார்த்து ஒத்துக்கொண்டார் என்று நான் சொல்ல மாட்டேன்.

புதுப் பெட்டி முதல் பெட்டி மாதிரி பிய்த்துக்கொண்டு போகவில்லை, தேங்கவும் இல்லை. என் ஃபோன் கொஞ்சம் ஓய்ந்தது. பிள்ளைகள் கட்டித் தொங்கவிட்ட குதிரைகளின் படங்கள் வர ஆரம்பித்தன. பெரும்பாலானவற்றில் குதிரை தலைகீழாகத்தான் பறந்தது. நரம்பக்கா ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குத் தானே போனாள். நாத்தனார் முன்பக்கத்தைப் பார்த்தாள், பின்பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள். இதை முதலிலேயே போட்டால் என்னவாம் என்றாள். பிறகு டீ போட எழுந்து போனாள். அவர்களுக்குள் நடந்த சமாதானப் பேச்சு அவ்வளவுதான்.

அந்த வருஷம் வியாபாரிகள் சங்கம் இந்தப் பெட்டிக்கு ஒரு பரிசு கொடுத்தது. மேடை ஏறி வாங்கியவர் மாப்பிள்ளை. ஒருநாள் குழந்தைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தனக்குத் திடீரென்று இந்த யோசனை உதித்ததாகப் பேசினார். முதல் வரிசையில் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நரம்பக்காவையும் அழைத்திருந்தார்கள், படம் எடுப்பதற்கு. எடுத்துக் கொடுத்தாள். நன்றாகவே எடுத்திருந்தாள்.

போன மாதம் அவளோடு கடைத்தெருவுக்குப் போனேன். ஒரு பொம்மைக் கடை வாசலில் நின்றவள், என்னையும் மறந்து உள்ளே போய், அலமாரியில் இருந்த குதிரைப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பின்பக்கம் முன்னால் தெரியும்படி திருப்பி வைத்தாள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு தள்ளி நின்றேன். கடைக்காரர் வந்து, என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு பெட்டியைத் திருப்பினாள்.